மண்ணைக் காப்பவர்களின் மனம்



ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு பெண்ணைக் காணலாம். குளக்கட்டுத் துப்புரவுக்கு மண்வெட்டியுடன் முதலில் வந்து நிற்பவர் அவர். ஆற்றில் மணல் அள்ளுவதை நிறுத்தும்படி பிரதேச செயலகத்துக்கு மனு எழுதுபவர் அவர். பாடசாலைக்குப் பக்கத்தில் பொலித்தீன் எரிப்பவர்களுடன் வாக்குவாதப்பட்டுப் பகை தேடிக்கொள்பவரும் அவரே. மூன்று நான்கு வருடங்கள் கழித்து அதே ஊருக்குப் போனால் கூட்டத்தில் அவரைக் காண முடிவதில்லை. கேட்டால், "அவ இப்ப ஒண்டுக்கும் வாறதில்லை" என்பார்கள். வீடு தேடிப் போனால், "என்ன செய்து என்ன பிரயோசனம் மிஸ்?" என்பார்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. திட்டத்தின் நிதி முடிந்துவிட்டது, குடும்பப் பொறுப்பு கூடிவிட்டது, அரசியல்வாதிகளின் தலையீடு என்போம். இவை எல்லாம் உண்மையே. ஆனால் அவற்றுக்கும் அடியில் வேறொன்று இருக்கின்றது. எமது முன்னேற்ற அறிக்கைகளில் எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன, எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தனர் என்பவற்றுக்கெல்லாம் தனித்தனி நிரல்கள் உண்டு. அந்த வேலைகளைச் செய்தவரின் மனம் என்னவாயிற்று என்பதை எழுத ஒரு நிரலும் இல்லை. இம்மாதம் அதைப்பற்றிப் பேசலாம் என்று நினைக்கின்றேன். உலகின் பல பாகங்களில் மண்ணுக்கும் மக்களுக்குமாகப் பாடுபட்டவர்கள் தமது மனத்தை எவ்வாறு பேணிக்கொண்டார்கள்? தியானம், மௌனம், கூடியிருந்து பேசுதல் முதலிய பழக்கங்கள் அவர்களுடைய வேலைக்கு உதவினவா?

ஊழியருக்கு எழுதிய கடிதம்

தியானம் என்றதும் எம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மலைக்குகையும் கண்களை மூடிய துறவியும்தான். வீட்டு வேலையும் வெளிவேலையும் உள்ள பெண்ணுக்கு அது சம்பந்தமில்லாத விடயம் என்று எண்ணுகின்றோம். ஆனால் இன்று பல மொழிகளில் வாசிக்கப்படும் தியான நூல் ஒன்று முதலில் ஒரு சமூக சேவை ஊழியருக்கு எழுதிய கடிதமாகவே இருந்தது.

வியட்நாமியப் பிக்குவான திக் நாட் ஹான், 1960களின் நடுப்பகுதியில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சமூக சேவைக்கான இளைஞர் பள்ளி ஒன்றை நிறுவினார். அங்கு பயின்ற இளைஞர்களும் யுவதிகளும் கிராமங்களுக்குச் சென்று பாடசாலைகளையும் சிகிச்சை நிலையங்களையும் தொடங்கினர். குண்டுவீச்சில் அழிந்த வீடுகளை மக்களுடன் சேர்ந்து கட்டினர். எந்தத் தரப்பையும் சாராததால் இரு தரப்பினரும் அவர்களைச் சந்தேகித்தனர். 1967 இல் அவர்களுள் சிலர் கொல்லப்பட்டனர். த்ரா லொக் என்ற கிராமம் மீண்டும் மீண்டும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அவர்களும் மீண்டும் மீண்டும் அதைக் கட்டினர்.

யுத்த காலத்தில் இந்நாட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டியது இடியும்போது, கட்டிடத்துடன் சேர்ந்து கட்டியவரின் மனமும் இடிகின்றது. நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் வாழ்ந்த திக் நாட் ஹான் 1974 இல் அப்பள்ளியின் ஊழியர் ஒருவருக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மூச்சைக் கவனியுங்கள், செய்யும் வேலையில் முழு மனத்துடன் இருங்கள், வாரத்தில் ஒரு நாளையாவது அவசரமின்றிக் கழியுங்கள் என்றார். வெறுப்பும் சோர்வும் மேலிடாமல் அந்த வேலையைத் தொடர்வதற்கான வழியாகவே அவர் தியானத்தைச் சொன்னார்.

இந்தப் போதனை பின்னர் எங்கெல்லாம் சென்றது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2015 டிசம்பர் 12 ஆம் திகதி பாரிஸ் நகரில் காலநிலை உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கான பேச்சுவார்த்தைகளை ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் வழிநடத்தியவர் கொஸ்தாரிக்கா நாட்டுப் பெண்மணியான கிறிஸ்டியானா ஃபிகேரஸ். அக்காலத்தில் தனிப்பட்ட வாழ்வில் பெரும் துயரத்தில் இருந்ததாகவும், திக் நாட் ஹானின் போதனையே தன்னைத் தாங்கியதாகவும் அவர் பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கின்றார். எதிர்த்தரப்பினரின் பேச்சைக் குறுக்கிடாமல் முழுமையாகக் கேட்கும் பழக்கத்தை அதிலிருந்தே தான் பெற்றதாகவும் சொல்கின்றார்.

கனத்தொலுவவில் தொடங்கியது

இதற்கு வெளிநாட்டு உதாரணங்கள் மட்டும்தான் என்றில்லை. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன, தமது மாணவர்களைக் குருநாகல் பகுதியிலுள்ள கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமம் அது. நகரத்து மாணவர்கள் அவர்களுடன் தங்கி, உண்டு, சேர்ந்து வேலை செய்தனர். அதுவே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம். ஆரியரத்ன 2024 ஏப்ரலில் தமது 92 ஆவது வயதில் காலமானார்.

சிரமதானம் என்றால் எமக்கு மண்வெட்டியும் கூடையும் ஞாபகம் வரும். ஆனால் சர்வோதய சிரமதானத்தில் வேலைக்கு முன்னர் ஒரு குடும்ப ஒன்றுகூடல் நடைபெறும். எல்லோரும் நிலத்தில் ஒன்றாக அமர்ந்து சில நிமிடங்கள் மௌனமாக இருப்பார்கள். எல்லா உயிர்களும் நலமாயிருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். வயது, சாதி, பதவி பாராமல் பேசுவார்கள். அதன் பின்னரே வேலை. பாதையை நாம் அமைக்கின்றோம், பாதை எம்மை அமைக்கின்றது என்பது அவ்வியக்கத்தில் வழங்கும் கருத்து.

பௌத்தத்தில் நான்கு மேலான மனநிலைகள் சொல்லப்படுகின்றன. அவை மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா. ஆரியரத்ன இவற்றைக் கிராம வேலைக்கு ஏற்ப விளக்கினார். எல்லோர் மீதும் வைக்கும் அன்பு மெத்தா. அந்த அன்பு துன்பத்தைப் போக்கும் செயலாக மாறுவது கருணா. செயலின் பயனைக் கண்டு மகிழ்வது முதிதா. புகழ்ச்சியிலும் இகழ்ச்சியிலும், வெற்றியிலும் தோல்வியிலும் நிலைகுலையாதிருப்பது உபேக்கா. எமது சங்கங்களில் முதல் இரண்டும் தாராளமாக உண்டு. மூன்றாவதுக்கு எமக்கு நேரமில்லை. நான்காவது இல்லாததால்தான் ஒரு மனு நிராகரிக்கப்பட்டதும் சங்கமே கலைந்துபோகின்றது.

சர்வோதயம் வகுத்த பத்து அடிப்படைத் தேவைகளில் முதலாவது தூய்மையான, அழகான சூழல். இறுதியானது ஆன்மீக, கலாசாரத் தேவை. நீர், உணவு, உடை, வீடு, கல்வி முதலியவை இவ்விரண்டுக்கும் இடையில் வருகின்றன. வெளியே உள்ள மண்ணும் உள்ளே உள்ள மனமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வியக்கம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. றிச்சர்ட் கொம்ப்ரிச்சும் கணநாத் ஒபயசேகரவும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், சர்வோதயம் காட்டும் கிராமம் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பார்வையில் உருவான ஒன்று எனச் சுட்டிக்காட்டினர். உண்மைக் கிராமத்தில் முரண்பாடும் ஏற்றத்தாழ்வும் உண்டு. ஒன்றாக அமர்ந்து மௌனமாக இருந்தவுடன் அவை மறைந்துவிடுவதில்லை. இதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

துக்கத்துக்கும் ஓர் இடம்

சர்வோதயத்தைப் படிப்பதற்காக 1979 இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தங்கினார். அவர் பெயர் ஜோஆனா மேசி. அவ்வனுபவத்தை 1983 இல் நூலாகவும் எழுதினார். 2025 ஜூலையில் 96 ஆவது வயதில் காலமாகும் வரை, சூழலுக்காக உழைப்பவர்களுக்குப் பல நாடுகளில் பயிற்சியளித்து வந்தார்.

அவருடைய பயிற்சிக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் நன்றியுணர்வு. அடுத்தது உலகின் நிலை கண்டு மனத்தில் எழும் வேதனையை மறைக்காமல் வெளியிடுதல். மூன்றாவது உலகைப் புதிய கண்களால் பார்த்தல். நான்காவது செயலுக்குத் திரும்புதல். இவற்றுள் இரண்டாவது கட்டமே அவரது முக்கியமான பங்களிப்பு என்பேன். மக்கள் அக்கறையற்றவர்களாகத் தோன்றுவதற்குக் காரணம் அக்கறை இல்லாமை அல்ல, வேதனையைத் தாங்க முடியாத பயமே என்று அவர் கருதினார். அந்த வேதனையை நால்வர் முன்னிலையில் சொல்ல முடிந்தால் பயம் குறைகின்றது. அதில் அடைபட்டிருந்த சக்தி வேலைக்குத் திரும்புகின்றது.

இது எமக்குப் புதிதல்ல. செத்த வீட்டில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழவும் ஒப்பாரி வைக்கவும் எமது பெண்களுக்குத் தெரியும். அழுது முடித்தபின் எழுந்து அடுப்பு மூட்டவும் தெரியும். ஆனால் கிணறு உவரானதற்கு அழ இடமில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்துப் பின்னர் மூழ்கியபோது, 1,600 தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மீன் விற்றுப் பிழைத்த பெண்களிடம் எவ்வளவு நட்டம் என்று கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். கடலை அப்படிக் கண்டபோது மனம் என்ன பாடுபட்டது என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமிருக்கவில்லை.

பிழையான பஸ்

அகமாற்றம் என்பது கண்களை மூடி இருப்பதால் மட்டும் வருவதல்ல. கென்யாவின் வங்காரி மாத்தாய் 1977 இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் கோடிக்கணக்கான மரங்களை நட்டனர். 2004 இல் அவருக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் மரக்கன்றுகளைப் பகிர்ந்தளித்ததுடன் நின்றுவிடவில்லை. பெண்களையும் ஆண்களையும் கூட்டிக் கலந்துரையாடல்களை நடத்தினார்.

அக்கூட்டங்களில் மக்கள் முதலில் தமது பிரச்சினைகளைப் பட்டியலிடுவார்கள். விறகு இல்லை, நீர் இல்லை, மண் அரித்துப் போகின்றது, ஊழல், வறுமை. இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பெரும்பாலானோர் அரசாங்கத்தையே காட்டுவார்கள். அதில் உண்மை உண்டு என்பதை மாத்தாய் நன்கு அறிவார். ஆட்சியாளர்களை எதிர்த்துத் தாக்கப்பட்டவர் அவர். ஆனால் அத்துடன் நிற்க விடமாட்டார். ஒருவர் பிழையான பஸ்ஸில் ஏறி வேறெங்கோ போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், ஏன் அப்படி நடந்தது என்று கேட்பார். பதில்கள் வரும். விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். யாரோ பிழையாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வாசிக்கத் தெரியாது. இவ்வாறு பேசிப் பேசி, நாமும் எதையோ கேட்காமல் ஏறியிருக்கின்றோம், ஆகவே இறங்கவும் எம்மால் முடியும் என்ற முடிவுக்கு அம்மக்கள் வருவார்கள்.

குற்றவுணர்ச்சியை ஊட்டுவது மாத்தாயின் நோக்கமல்ல. பாதிக்கப்பட்டவர் என்ற நிலையிலிருந்து செயற்படுபவர் என்ற நிலைக்கு ஒருவர் உள்ளுக்குள் நகர்வதே அங்கு நடந்தது. அந்த நகர்வு இல்லாமல் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இராது.

பொறுமை வேறு, அடங்கிப்போதல் வேறு

இங்கே பெண்கள் அவதானமாக இருக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அமைதி, பொறுமை, சகிப்பு ஆகியவற்றை எமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறந்த நாள் தொட்டு அதைத்தான் கேட்டு வருகின்றோம். "பொம்பிளைப் பிள்ளை, கோபப்படாதை" என்பது எமது முதற்பாடம். அப்படியிருக்க, மனத்தை அடக்குங்கள் என்று இன்னொருவரும் வந்து சொன்னால், அது பழைய விலங்குக்குப் புதிய பூச்சு ஆகிவிடலாம். பாத்திரம் கழுவுவதையும் முழுக் கவனத்துடன் செய்தால் அது தியானமாகும் என்று திக் நாட் ஹான் எழுதினார். நல்ல கருத்து. ஆனால் மூன்று வேளையும் தனியே நின்று கழுவும் பெண்ணுக்கு அது வேலைப் பங்கீடு பற்றிய பிரச்சினையும்கூட.

எனவே ஒரு பழக்கம் எம்மை அமைதியாக்குகின்றதா, அல்லது அடக்குகின்றதா என்பதை எப்படி அறிவது? அதன் பின்னர் நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பார்த்தால் போதும். மௌனமாக இருந்துவிட்டு எழுந்தபின் கேட்க வேண்டிய கேள்வியைத் தெளிவாகக் கேட்க முடிகின்றதென்றால் அது பலம். கேள்வியே வேண்டாம், விதி என்று தோன்றினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சுன்னாகம் பகுதியில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விடயம் பலருக்கு ஞாபகமிருக்கும். அது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது. அத்தீர்ப்பு தியானத்தால் வரவில்லை. மக்களின் போராட்டம், நீர்ப் பரிசோதனை, சட்டம் ஆகியவற்றால் வந்தது. 2015 இல் தொடுத்த வழக்கு நான்கு வருடங்கள் நடந்தது. அந்தக் காலம் முழுவதும் விடாமல் நிற்க என்ன வேண்டும் என்பதே எமது கேள்வி. கோபம் மட்டும் அவ்வளவு காலம் நின்று எரியாது. அது வெளியே எரியாதபோது உள்ளே எரிகின்றது.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல்

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. அவற்றை அடைய வெளிமாற்றம் மட்டும் போதாது என்ற எண்ணத்தில், 2021 இல் சுவீடனை மையமாகக் கொண்ட குழுவினர் அக அபிவிருத்தி இலக்குகள் என்ற சட்டகத்தை வெளியிட்டனர். ஐந்து பிரிவுகளில் 23 பண்புகளும் திறன்களும் அதில் கூறப்பட்டன. இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் செயலமர்வு ஒன்றில் மூச்சுப் பயிற்சி அளித்துவிட்டு, ஊழியரின் சம்பளத்தையும் விடுமுறையையும் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமாகாது. ஐந்து பேரின் வேலையை ஒருவர் செய்வதால் வரும் களைப்பு மனத்தின் குறையல்ல. நிர்வாகத்தின் குறை. வெளிக்கள உத்தியோகத்தரின் போக்குவரத்துப் படி நேரத்துக்குக் கிடைப்பதும் அவருடைய மன அமைதிக்கு வேண்டியதே.

எமது சங்கங்களில் என்ன செய்யலாம்?

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. செலவும் இல்லை.

முதலாவது, கூட்டத்தை இரண்டு நிமிட மௌனத்துடன் தொடங்கலாம். இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியச் சகோதரிகள் ஒன்றாக இருக்கும் சங்கங்களில் அவரவர் தத்தம் முறைப்படி மனத்துக்குள் பிரார்த்திக்கலாம். பிரார்த்தனை வேண்டாதவர்கள் மூச்சைக் கவனித்தபடி இருக்கலாம். ஒருவரின் முறையை மற்றவர் மீது திணிக்கக் கூடாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு முறையாவது வட்டமாக அமர்ந்து, இந்த வேலையில் மனத்தைப் பாதித்த ஒரு விடயத்தை ஒவ்வொருவரும் சொல்லலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க மட்டுமே வேண்டும். ஆலோசனை சொல்லக் கூடாது. விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். அங்கு சொன்னது வெளியே போகக் கூடாது.

மூன்றாவது, அதிகாரி ஒருவர் மீது கோபம் வந்த நாளில் மனு எழுத வேண்டாம். மறுநாள் ஒரு தாளில் நடந்தது என்ன, எமது மனத்தில் எழுந்தது என்ன, நாம் கேட்பது என்ன என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதும் மூன்றாவதும் மனுவுக்குப் போகட்டும். இரண்டாவது சங்கத்துக்குள் பேசப்படட்டும்.

நான்காவது, சிறிய வெற்றியையும் கொண்டாடுங்கள். நட்ட வேம்பு ஒரு வறட்சியைத் தாண்டி நின்றால் அதன் கீழ் ஒரு தேநீர் குடிக்கலாம். முதிதா என்பது அதுதான்.

ஐந்தாவது, பொறுப்புகளைச் சுழற்சி முறையில் பகிருங்கள். ஒருவர் ஒரு மாதம் ஒதுங்கி இருந்தாலும் அவர் விலகிவிட்டார் என்று கதை கட்டாமல் இருக்கப் பழக வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. யுத்தத்தையும் சுனாமியையும் கண்டவர்கள் எம்மிடையே பலர். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது சிலருக்குப் பழைய காட்சிகள் திரும்ப வரும். நெஞ்சு படபடக்கும். அது அவர்களின் பலவீனமல்ல. கண்களைத் திறந்தபடி இருக்கவும், எழுந்து வெளியே போகவும் எல்லோருக்கும் அனுமதி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்கார முடியாதவருக்கு மெல்ல நடப்பதோ வீட்டுத்தோட்டத்தில் மண் கிளறுவதோ நல்ல மாற்று வழி. நித்திரையின்மை, திரும்பத் திரும்ப வரும் பயம் ஆகியவை தொடர்ந்தால் உளவளத்துணையாளரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். தியானம் வைத்தியத்துக்கு மாற்றாகாது.

சகோதரிகளே, குளமும் கடலும் காடும் ஒரு வருடத் திட்டத்தில் மீளப் போவதில்லை. அவற்றுக்காக நிற்பவர்கள் நீண்ட காலம் நிற்க வேண்டும். ஆகவே அவர்களின் மனத்தைப் பேணுவதும் சூழல் பாதுகாப்பு வேலையில் ஒரு பகுதியே. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் இரண்டு நிமிடங்களை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். மூன்று மாதம் செய்தபின் உங்கள் சங்கத்தில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை எமக்கு எழுதுங்கள். மாறாதவற்றைப் பற்றியும் இப்பக்கத்தில் பேசுவோம்.